பைக் ஓட்டப் புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறுகிறவர்கள், வேலை கிடைத்து முதல் வண்டி எடுத்தவர்கள், நாற்பது வயதில் "இப்பவாவது கத்துக்குவோம்" என்று கிளம்பியவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சாலைகளையும், 100 முதல் 350 சிசி வரையிலான சாதாரண வண்டிகளையும் மனதில் வைத்து எழுதியது. வேகமாகப் போவதைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. வண்டியைக் கிளப்பி நாலு கியர் போட யாரும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். சரியாக நிறுத்துவதைத்தான் பலர் கடைசிவரை பழகுவதே இல்லை. ஆகவே அதற்குத்தான் இங்கே இடம் அதிகம்.

சைக்கிளே ஓட்டத் தெரியாது. நேராக பைக் பழகலாமா?

பழகலாம்தான். ஆனால் பேலன்ஸ், கிளட்ச், ஆக்சிலேட்டர், பிரேக் என்று நான்கையும் ஒரே நாளில் பழக வேண்டியிருக்கும், பயம் இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளை வாங்கி, சீட்டை நன்றாக இறக்கி, பெடலை மிதிக்காமல் காலால் உந்தி உந்திப் போய்ப் பாருங்கள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் உருண்டு போக முடிந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பைக்குக்கு வாருங்கள். நாற்பது வயதில் சைக்கிளா என்று வெட்கப்பட வேண்டாம், விடியற்காலையில் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் ஸ்கூட்டரா, கியர் வண்டியா? உரிமம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வாங்கினால் அதை வைத்துக் கியர் வண்டி ஓட்ட முடியாது. கியர் உள்ளதற்கு வாங்கியவர் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். என்றாவது பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கியர் வண்டிக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்.

பழகுவதற்கு 100 அல்லது 125 சிசி பழைய வண்டி போதும். கனம் குறைவு, கால் தரையில் நன்றாகப் படும், கீழே போட்டாலும் பெரிய செலவில்லை. 350 சிசி வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அதிலேயே பழக முயல்கிறவர்களுக்கு ஓட்டுவதைவிட வண்டியைத் தூக்கி நிறுத்துவதே பெரிய வேலையாகிவிடுகிறது.

எங்கே பழகுவது? எல்எல்ஆர் இல்லாமல் தெருவில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. பழகுநர் உரிமம், அதாவது எல்எல்ஆர், 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல் போர்டு மாட்டிக்கொண்டு நண்பனை ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவது சட்டப்படி தப்பு. அதோடு, உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் தராது.

இடத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. எந்த ஊர் எல்லைக்குப் போனாலும் பிளாட் போட்டு, தார்ச்சாலை போட்டு, கல் நட்டு, வீடு வராத லேஅவுட் ஒன்று இருக்கும். சதுரமான திருப்பங்கள், போக்குவரத்தே கிடையாது. பழக இதைவிட நல்ல இடம் அமையாது. ஓரத்தில் படிந்த மணலையும், படுத்துக் கிடக்கும் நாய்களையும் மட்டும் முதலில் ஒரு சுற்று நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளப்பும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

கிளட்ச்சைச் சீக்கிரம் விடுகிறீர்கள். எல்லாரும் "மெதுவா விடு" என்பார்கள். எந்த இடத்தில் மெதுவாக என்று சொல்ல மாட்டார்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். கிளட்ச் லிவரை மிக மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். முதல் பாதி தூரம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் சற்றே இறங்கும், கைப்பிடி லேசாக நடுங்கும், வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகரப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். அதுதான் ஹாஃப் கிளட்ச் தொடங்கும் இடம். திரும்பப் பிடியுங்கள், திரும்ப விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த இடம் விரலுக்குத் தெரிகிறவரை இதையே செய்யுங்கள். அடுத்து, அந்த இடத்தில் விரலை நிறுத்தி, காலை ஊன்றியபடியே குழந்தை நடை வேகத்தில் பத்தடி போய்ப் பிரேக் பிடியுங்கள். இதற்கும் பல வண்டிகளில் ஆக்சிலேட்டர் தேவைப்படாது.

இது கைவந்த பிறகுதான் ஆக்சிலேட்டர். கொஞ்சம் முறுக்கி எஞ்சின் சத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு, கிளட்ச்சை அந்த இடம்வரை விட்டு, அங்கே ஒரு நொடி தங்கி, மீதியை விடுங்கள். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் இதே கதைதான். வலது காலால் பின் பிரேக்கை மிதித்தபடி ஹாஃப் கிளட்ச்சுக்கு வந்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்த பிறகு பிரேக்கை விட்டால் பின்னால் உருளாது.

வண்டிக்கு வண்டி இந்த இடம் மாறும். கேபிளைத் தளர்த்தி வைத்திருந்தால் லிவர் கைப்பிடிக்கு அருகில் வந்த பிறகே பிடிக்கும். உங்கள் கை சிறியதாக இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம், இரண்டு நிமிட வேலை.

எந்த வேகத்துக்கு எந்த கியர்?

ஸ்பீடோமீட்டரைப் பார்த்து கியர் மாற்றுவதைவிட எஞ்சினைக் கேட்டு மாற்றுங்கள். உடம்பு குலுங்கி, எஞ்சின் 'டக டக' என்று இடித்தால் கியர் அதிகம், ஒன்று குறைக்க வேண்டும். எஞ்சின் கத்தினால் ஒன்று கூட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் காது பழகிவிடும்.

எந்தப் பக்கம் மிதிப்பது என்பது வண்டியைப் பொறுத்தது. பெரும்பாலான வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. 100 சிசி வண்டிகள் சிலவற்றில் நாலு கியரும் முன்பக்கம் மிதிப்பதுதான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதைப் பழகிய பெரியவர்கள் புது வண்டியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். இரவல் வண்டி எடுத்தால் சாவியை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடித்துவிடும், பின் பிரேக்கை மட்டும் மிதி என்று அப்பா சொல்கிறார். சரியா?

அப்பா பழகிய காலத்தில் முன் சக்கரத்தில் டிரம் பிரேக், மெல்லிய டயர், மண் ரோடு. அந்த அனுபவத்தில் சொல்கிறார். தார்ச்சாலையில் இன்றைய வண்டிக்கு அந்த அறிவுரை ஆபத்து.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் ஃபோர்க் அமுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது முன் டயர் தரையில் அழுந்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது லாக் ஆகிச் சறுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. அவசரத்தில் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது.

அப்படியானால் முன் பிரேக்கால் விழுந்தவர்கள் ஏன் விழுந்தார்கள்? வெடுக்கென்று பிடித்ததால். பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் லாக் ஆகிவிட்டது. அல்லது ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலின் மேலோ பிடித்தார்கள். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் முதலில் மெதுவாக, பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இது பேசினால் வராது, விரலுக்குப் பழக வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி. லேஅவுட்டில் நேரான சாலையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொடும்போது ஆக்சிலேட்டரை மூடி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பார்வை தூரத்தில், ஹேண்டில் நேராக, முழங்கால்கள் டேங்கை இறுக்கியபடி. கையை விறைத்து உடம்பைத் தாங்காதீர்கள், டேங்க்தான் தாங்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். அடுத்த முறை கல்லுக்கு முன்னால் நிற்கப் பாருங்கள். 20-இல் வண்டி ஆடாமல் நின்றால் 30, பிறகு 40. அதற்கு மேல் லேஅவுட்டில் வேண்டாம்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகச் சுமார் ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 40-இல் போகும்போது அந்த ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். உலர்ந்த நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் மேலும் 9 மீட்டர். மொத்தம் 20. வேகம் 60 ஆனால் 17 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 37. 80-இல் 22 மீட்டரும் 36 மீட்டரும் சேர்ந்து 58 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது இதுதான். முன்னால் போகும் லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிற தூரத்தில் தொடர்கிறவர்கள் இதை ஒருமுறை மனக்கணக்குப் போட வேண்டும்.

என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. இதெல்லாம் தேவையா?

தேவைதான். ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தூரத்தை மாயமாகக் குறைக்காது. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பி அழுத்தவும் முடியாது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், அதற்குக் கீழே குறைந்தபட்சம் சிபிஎஸ் கட்டாயமானது. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிப்பது. 'சிங்கிள் சேனல்' என்று போட்டிருந்தால் ஏபிஎஸ் பொதுவாக முன் சக்கரத்துக்கு மட்டும், பின் சக்கரம் சறுக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் விரலில் துடிக்கும். அதைக் கண்டு பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. லேஅவுட்டில் ஒருமுறையாவது வேண்டுமென்றே அந்தத் துடிப்பைத் தெரிந்துகொண்டால், அவசரத்தில் கை விடாது.

பிரேக் பிடிக்கும்போது கிளட்ச்சையும் சேர்த்துப் பிடிக்கலாமா?

வேகத்தில் இருக்கும்போது வேண்டாம். கிளட்ச்சைப் பிடித்த நொடியே எஞ்சின் சக்கரத்தை விட்டுவிடுகிறது. எஞ்சின் தானாகக் கொடுக்கும் இழுப்பு போய்விடும். முதலில் பிரேக், வண்டி நிற்கப் போகும் கடைசியில் கிளட்ச். திடீர் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் சாதாரணமாக ஓட்டும்போது கிளட்ச் லிவரின் மேல் விரலைப் போட்டுக்கொண்டே போகும் பழக்கத்தை விடுங்கள், கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும்.

ஆர்டிஓ ஆபீஸில் 'எட்டு' போடச் சொல்வார்களே. கால் ஊன்றாமல் போடுவது எப்படி?

மூன்று விஷயங்கள். ஒன்று, முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். எங்கே பார்க்கிறீர்களோ வண்டி அங்கே போகும். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போகும். வளைவின் பாதியில் இருக்கும்போதே தலையைத் திருப்பி அடுத்த வளைவின் தொடக்கத்தைப் பாருங்கள். இரண்டு, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்காமல் சீராக வைத்து, வேகத்தை ஹாஃப் கிளட்ச்சாலும் பின் பிரேக்காலும் கட்டுப்படுத்துங்கள். பின் பிரேக் லேசாகப் பிடித்தபடி இருந்தால் வண்டி தள்ளாடாது. எட்டின் நடுவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே சாயும். மூன்று, சின்ன வட்டத்தில் வண்டி உள்பக்கம் சாய, நீங்கள் சற்று வெளிப்பக்கம் உட்காருங்கள்.

முதல் கியரா இரண்டாவதா என்று சண்டையே நடக்கும். உங்கள் வண்டி எதில் வெட்டி வெட்டி இழுக்காமல் போகிறதோ அதுதான். முதலில் பெரிய எட்டு, பிறகு சுருக்கிக்கொண்டே வாருங்கள். தேர்வு முடிந்ததும் எட்டு போடுவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். நெரிசலில் இரண்டு கார்களுக்கு நடுவே ஊர்ந்து போவதும், குறுகலான தெருவில் வண்டியைத் திருப்புவதும் எட்டின் வேலையேதான்.

தேர்வில் கை சைகைகளும் கேட்பார்கள். முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொண்டு போங்கள்.

வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் பார்வை. பயத்தில் எதிரே உள்ள தடுப்புச் சுவரையோ எதிரே வரும் பஸ்ஸையோ முறைத்துப் பார்ப்போம், வண்டி அதை நோக்கியே போகும். வளைவு முடிகிற இடத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு காரணம் ஹேண்டில். மெதுவாகப் போகும்போது இடப்பக்கம் போக ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம். வேகம் கூடிய பிறகு அது தலைகீழாகும். இடப்பக்கம் சாய இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகும், வண்டி இடப்பக்கம் சாயும், திரும்பும். சைக்கிளிலும் இதுதான் நடக்கிறது, நமக்குத் தெரியாமலேயே செய்கிறோம். விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர் ரைட் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரையும் கேட்டிருக்கிறார். முதலில் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம்.

காலியான சாலையில் 30, 40-இல் போகும்போது இடது கைப்பிடியை ஒரு துளி தள்ளிப் பாருங்கள், பிறகு வலது. வண்டி எவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும். குழியோ நாயோ குறுக்கே வரும்போது உடனே விலக உதவுவது இதுதான். ஆனால் விலகுவதையும் பிரேக்கையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். விலகி, நேரான பிறகு பிரேக். அல்லது பிரேக் பிடித்து, விட்டுவிட்டு விலகல்.

வளைவுக்கான வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு பிரேக்கைத் தேடுகிறவர் தாமதமாகத்தான் தேடுகிறார்.

முதல் மலைப்பயணம் போகலாமா? கொல்லிமலை ஆசை.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஆசை நியாயமானதுதான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு 20 வளைவு, அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து ஆழியாறிலிருந்து வால்பாறை, 40. அப்புறம் கொல்லி.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குவார்கள். இரண்டு லிட்டர் மிச்சம்கூட ஆகாது. பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும்போது கையில் வேறு எதுவும் இருக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக் கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள்.

குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. கொண்டை ஊசியில் பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவைப்படும், உங்களுக்காகச் சுருங்க அதனால் முடியாது. இடப்பக்கக் கொண்டை ஊசியில் புதியவர்கள் பெரும்பாலும் அகலமாகப் போய் எதிர்ப்பக்கத்தில் நுழைந்துவிடுவார்கள். வேகத்தைக் குறைத்து, தலையை நன்றாகத் திருப்பி, வளைவின் முடிவைப் பார்த்தபடி போங்கள்.

மழையில் ஓட்டலாமா?

முதல் பதினைந்து நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள். நாள்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மிதக்கும். நன்றாகக் கழுவிவிட்ட பிறகு ஓரளவு பிடிப்பு வரும்.

நனைந்தால் வழுக்குபவை: ஜீப்ரா கோடு, மேன்ஹோல் மூடி, பாலத்து இணைப்பு இரும்பு, சாலை வேலை நடக்கும் இடங்களில் பள்ளத்தை மூடிப் போட்டிருக்கும் இரும்புத் தகடு. இவற்றின் மேல் நேராக, பிரேக் தொடாமல், முறுக்காமல் கடந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, முன்னால் போன காரின் டயர் தடத்திலேயே போங்கள். டிரம் பிரேக் நனைந்தால் பிடிப்பு குறையும், லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும்.

பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடிப்பது நம் ஊரில் சாதாரணக் காட்சி. உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் அது. காற்றில் குடை உப்பினால் பிடித்திருப்பவரைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிடும்.

வெயில் காலத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. அறுவடைக் கிராமச் சாலைகளில் கொள்ளு, சோளக்கதிர், எள்ளுச்செடி எல்லாம் தாரில் பரப்பிக் கிடக்கும், வண்டிகள் ஏறி ஏறித் தானியம் உதிரட்டும் என்று. டயருக்கு அங்கே பிடிப்பே கிடையாது. மிதமான வேகத்தில் நேராகப் போக வேண்டும்.

டவுன் நெரிசலில் பயமாக இருக்கிறது. எதைக் கவனிப்பது?

அடுத்தவர் என்ன செய்யப் போகிறார் என்பதை. ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஓரத்தில் ஒருவர் கை நீட்டினால் ஆட்டோ இண்டிகேட்டர் இல்லாமல் அங்கேயே நிற்கும். நிறுத்தியிருக்கும் காரில் டிரைவர் சீட்டில் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம், ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் ஓடிவருவார். முன்னால் போகிறவரின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, வண்டியும் பெரும்பாலும் அங்கேதான் திரும்பும்.

பஸ்ஸின் இடப்பக்கம் புகுந்து போகும் ஆசையை அடக்குங்கள். பஸ் ஓரம் கட்டும்போது உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடம் இருக்காது. பஸ்ஸின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

உங்கள் வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றாதீர்கள். திரும்பும் முன் கண்ணாடியையும் பார்த்து, தோளுக்கு மேல் ஒரு பார்வையும் பார்த்துவிடுங்கள். திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறக்காதீர்கள். "அண்ணே, ஸ்டாண்டு!" என்று யாராவது கத்தினால் நன்றி சொல்லி சைடு ஸ்டாண்டை எடுங்கள். "லைட்டு எரியுது" என்று கை காட்டினால் சிரித்துவிட்டுப் போங்கள். 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படியே வருகிறது.

நெடுஞ்சாலையில்?

இடது தடத்தில் போங்கள், ஆனால் மணல் படிந்த விளிம்பை ஒட்டி வேண்டாம். அந்த ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளை எப்போதும் எதிர்பாருங்கள். லாரியை முந்தும்போது அதன் நிழலிலிருந்து வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் அடிக்கும். கையைத் தளர்வாக வைத்து முழங்காலால் டேங்கைப் பிடித்தால் வண்டி தானாக நிமிரும். இரண்டு லாரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருந்தாலும் புக வேண்டாம்.

இரவில் எதிரே ஹைபீம் அடித்தால் ஒன்றுமே தெரிவதில்லை.

வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறையுங்கள். திருப்பி நீங்களும் ஹைபீம் போட்டால் இரண்டு குருடர்கள் ஆகிவிடுவீர்கள். விளக்கில்லாமல் நிற்கும் லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், நடுரோட்டில் படுத்த மாடு இவை மூன்றும் உங்கள் ஹெட்லைட் தொடுகிற தூரத்துக்குள்தான் தெரியும். அந்த தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே இரவு வேகம். கறுப்பு வைசர் இரவில் வேண்டவே வேண்டாம். முதல் ஆறு மாதம் இரவுப் பயணம் எதற்கு?

எப்போது பின்னால் ஆள் ஏற்றலாம்?

உரிமம் வந்து, தனியாக நெரிசலில் தடுமாறாமல் ஓட்டப் பழகிய பிறகு. ஆள் ஏறினால் கிளம்புவதும் நிற்பதும் மாறும். முதலில் இலகுவான, அசையாமல் உட்காரத் தெரிந்த ஒருவரை ஏற்றிப் பாருங்கள். வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கும் நண்பர் முதல் நாளுக்குச் சரிப்பட மாட்டார். வளைவில் உங்களோடு சேர்ந்து சாயவும், பயந்து எதிர்ப்பக்கம் நிமிராமல் இருக்கவும் சொல்லிவிடுங்கள்.

சேலை, துப்பட்டா நுனிகளைச் செருகிக்கொண்ட பிறகே கிளம்ப வேண்டும். பின் சக்கரத்தின் சேலை கார்டை ஸ்டைலுக்காகக் கழற்றுகிறார்கள், அது சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்று. 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்துக்கு மேல் அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. டேங்க் மேல் குழந்தையை உட்காரவைப்பது எந்த விதியிலும் சேராது.

ஹெல்மெட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐஎஸ்ஐ முத்திரை, முழு முகம், சரியான அளவு. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, கன்னத்துச் சதை லேசாக அமுங்க வேண்டும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும், ஸ்பாஞ்ச் படிந்துவிடும். பட்டையைப் போடாவிட்டால் விழும்போது உங்களுக்கு முன்னால் ஹெல்மெட் போய் விழும். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், இல்லையென்றால் 1000 ரூபாய் அபராதம். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

செருப்பில் ஓட்டாதீர்கள். ஷூவும் கையுறையும் வாங்கப் பணம் இருந்தால் சைலன்சர் மாற்றுவதற்கு முன் அவற்றை வாங்குங்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான்.

வண்டியில் நானே என்னென்ன பார்க்க வேண்டும்?

வாரம் ஒருமுறை டயர் காற்று, எவ்வளவு என்று செயின் கவரிலோ பக்கத்திலோ ஸ்டிக்கர் இருக்கும். பஞ்சர் கடைக்காரர் கேட்காமலே 40 அடித்துவிட்டால் பிடிப்பு போய்விடும், அளவைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் லைட், செயின் தொய்வு, எண்ணெய். அவ்வளவு போதும்.

ஓட்ட வந்துவிட்டது. இன்னும் நன்றாக ஓட்ட என்ன செய்வது?

தினமும் ஆபீஸுக்குப் போய்வருவதைப் பயிற்சி என்று எண்ணுகிறார்கள். அது பழக்கத்தை உறுதியாக்கும், கெட்ட பழக்கத்தையும் சேர்த்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் அதே லேஅவுட்டுக்குப் போங்கள். ஊர்ந்து போவது, எட்டு, சாக்பீஸ் கோட்டில் பிரேக். ஒரே நாளில் ஒரே விஷயம் போதும்.

வளைவுகளில் ஆர்வம் பிடித்துவிட்டால் அதைச் சாலையில் தீர்த்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே அவ்வப்போது பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். பணம் ஆகும். ஆனால் எதிரே மாடு வராத சாலையில் சொல்லித்தர ஆள் வைத்துப் பழகுவது வேறு ரகம்.

ஒருமுறை விழுந்துவிட்டேன். இனி ஓட்டவே பயமாக இருக்கிறது.

முதலில் உடம்பு. பெரிய அடியானால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாகப் பெறலாம். வெளியூர்க்காரராக இருந்தாலும் கிடைக்கும். "ஒண்ணுமில்லை" என்று எழுந்து உடனே ஓட்ட வேண்டாம். தலையில் அடிபட்டிருந்தால் வாந்தி, தலைசுற்றல் வருகிறதா என்று அன்று முழுவதும் யாராவது கூட இருந்து பார்க்க வேண்டும்.

அடுத்து வண்டி. ஹேண்டில் வளைந்திருக்கிறதா, பிரேக் லிவர் சரியாகத் திரும்புகிறதா, முன் சக்கரம் நேராக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டாமல் ஏறாதீர்கள்.

பயத்துக்கு மருந்து, ஏன் விழுந்தோம் என்று தெரிவது. மணலில் பிரேக் பிடித்தேன், வளைவில் வேகம் அதிகம், முன்னால் போனவரை ஒட்டிப் போனேன் என்று ஒரு காரணம் கிடைத்தால் லேஅவுட்டில் அதையே மெதுவான வேகத்தில் பழகலாம். "என் நேரம்" என்று விட்டுவிட்டால் பயம் அப்படியே இருக்கும். காயம் ஆறியதும், கூட ஒருவரை நடக்கவிட்டு, ஃபர்ஸ்ட் கியரில் ஹாஃப் கிளட்ச்சில் பத்தடி போய்ப் பிரேக் பிடியுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும், மறுநாள் இருபதடி.